தூரம், நேரம், கதி: வசனக் கணக்குகளை வாசித்துத் தீர்த்தல்

(க.பொ.த. சாதாரண தரம் - கணிதம்)



சுருக்குக, தீர்க்க, காரணிப்படுத்துக என்று வரும் வினாக்களை ஓரளவு செய்துவிடும் மாணவர் பலர், "ஒரு பஸ் வண்டி" என்று தொடங்கும் வினாவைக் கண்டதும் அடுத்த வினாவுக்குத் தாவிவிடுகிறார்கள். வினா நீளமாக இருப்பதே காரணம். ஆனால் அந்த நீளமான வினாவுக்குள் இருப்பவை பெரும்பாலும் தரம் 5 இல் படித்த கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்பவைதான். தாண்டிச் சென்ற பிள்ளைக்குத் தெரியாத கணிதம் எதுவும் அதற்குள் இல்லை.

வினாத்தாள் I இன் அ பகுதியில் தலா 2 புள்ளிகள் கொண்ட 25 சிறுவினாக்கள் வருகின்றன. ஆ பகுதியிலும் வினாத்தாள் II இலும் வருபவை தலா 10 புள்ளிகள் கொண்டவை. சாதாரண சித்திக்கு 35 புள்ளிகள் வேண்டும். 31, 32 என்று நின்றுவிடும் மாணவருக்கு ஒரு பஸ் கணக்கும் ஒரு சைக்கிள் கணக்கும் எவ்வளவு பெரியவை என்பதை நான் விளக்கத் தேவையில்லை. அந்த மூன்று புள்ளிக்காகப் பரீட்சைக்கு இன்னொரு தடவை தோற்ற நேரிடுகிறது. இந்தப் பாடம் முக்கியமாக அவர்களுக்காக எழுதப்படுகிறது. 75 இற்கு மேல் எடுப்பவர்களும் வாசிக்கலாம். அவசரத்தில் இரண்டு புள்ளி விடுபவர்கள் அவர்களுள்ளும் உண்டு.

நான் கலைப் பட்டதாரி. கலை படித்தவருக்குக் கணித வகுப்பில் என்ன வேலை என்று பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. வசனக் கணக்கைப் பொறுத்தவரை பாதி வேலை தமிழ்தான். வேற்றுமை உருபைக் கவனிக்காமல் வாசிப்பவர் சூத்திரத்தை மனனம் செய்திருந்தாலும் பிழையான எண்களைத்தான் அதற்குள் இடுவார்.

முதலில் சொற்களைக் கவனிப்போம்

கீழுள்ள இரண்டு வசனங்களையும் நிதானமாக வாசியுங்கள். வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையிலான தூரத்தை 75 கி.மீ. எனக் கொள்வோம்.

(அ) வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குப் புறப்பட்ட வான், 20 கி.மீ. சென்றதும் பழுதடைந்தது.

(ஆ) வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குப் புறப்பட்ட வான், கிளிநொச்சிக்கு 20 கி.மீ. இருக்கையில் பழுதடைந்தது.

முதல் வசனத்தில் வான் சென்ற தூரம் 20 கி.மீ., எஞ்சிய தூரம் 55 கி.மீ. இரண்டாவதில் சென்ற தூரம் 55 கி.மீ., எஞ்சிய தூரம் 20 கி.மீ. ஊர்களும் எண்களும் ஒன்றே, விடை தலைகீழ். 75, 20 என்ற இரண்டு எண்களைக் கண்டவுடன் கழித்துவிட்டு 55 என்று எழுதுபவர், எதைக் கண்டார் என்பதைத் தாமே அறியமாட்டார்.

இன்னொரு சோடி:

(அ) மணிக்கு 40 கி.மீ. கதியிற் சென்ற பஸ்ஸின் கதி மணிக்கு 50 கி.மீ. ஆக அதிகரிக்கப்பட்டது.

(ஆ) மணிக்கு 40 கி.மீ. கதியிற் சென்ற பஸ்ஸின் கதி மணிக்கு 50 கி.மீ. ஆல் அதிகரிக்கப்பட்டது.

"ஆக" என்றால் புதிய கதி 50. "ஆல்" என்றால் புதிய கதி 40 + 50 = 90. ஓர் எழுத்தில்தான் வேறுபாடு. பரீட்சை மண்டபத்தில் இந்த எழுத்தின் கீழ் பென்சிலால் ஒரு கோடு இடும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள். "எஞ்சிய", "மேலும்", "இடையில்", "ஒரே வேளையில்", "எதிர்த்திசையில்", "திரும்பி", "தாமதித்து" என்பவையும் கோடிட வேண்டிய சொற்களே.

சூத்திரம் ஒன்றுதான்

கதி என்பது ஓர் அலகு நேரத்திற் செல்லும் தூரம். மணிக்கு 40 கி.மீ. என்றால் ஒரு மணித்தியாலத்தில் 40 கி.மீ. செல்லும். இரண்டு மணித்தியாலத்தில் 80, அரை மணித்தியாலத்தில் 20. இதை விளங்கிக்கொண்டவருக்குப் பின்வரும் மூன்றும் மூன்று சூத்திரங்களாகத் தெரியா.

தூரம் = கதி × நேரம்
கதி = தூரம் ÷ நேரம்
நேரம் = தூரம் ÷ கதி

சில பயிற்சி நூல்களில் முக்கோணம் ஒன்றை வரைந்து விரலால் மறைத்துச் சூத்திரம் எடுக்கும் முறை காட்டப்படுகிறது. விரும்பியவர் பயன்படுத்தலாம். முக்கோணத்தில் எது மேலே எது கீழே என்பதைப் பரீட்சை நாளில் மறந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். "ஒரு மணித்தியாலத்தில் இவ்வளவு" என்ற கருத்து மறக்காது.

அலகுகள் ஒத்திருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். கதி மணிக்குக் கிலோமீற்றரில் இருந்தால் நேரம் மணித்தியாலத்தில் இருக்க வேண்டும். நிமிடத்தை அப்படியே பெருக்கக் கூடாது. அடிக்கடி வரும் நிமிடங்களின் மணித்தியாலப் பின்னங்களை மனதில் வைத்திருந்தால் வேலை பாதியாகக் குறையும்: 6 நிமிடம் 1/10, 10 நிமிடம் 1/6, 12 நிமிடம் 1/5, 15 நிமிடம் 1/4, 20 நிமிடம் 1/3, 24 நிமிடம் 2/5, 36 நிமிடம் 3/5, 40 நிமிடம் 2/3, 45 நிமிடம் 3/4 மணித்தியாலம் ஆகும்.

செய்து பார்ப்போம்

வினா: வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான வீதித் தூரம் 140 கி.மீ. ஆகும். வவுனியாவிலிருந்து மு.ப. 7.40 இற்குப் புறப்பட்ட பஸ் வண்டி ஒன்று முதல் 60 கி.மீ. தூரத்தை மணிக்கு 40 கி.மீ. என்ற சீரான கதியிற் சென்று முறிகண்டியை அடைந்தது. அங்கு 20 நிமிடம் தரித்து நின்ற பின்னர், எஞ்சிய தூரத்தை மணிக்கு 48 கி.மீ. என்ற சீரான கதியிற் சென்று யாழ்ப்பாணத்தை அடைந்தது.
(அ) பஸ் யாழ்ப்பாணத்தை அடைந்த நேரம் யாது?
(ஆ) முழுப் பயணத்திற்குமான சராசரிக் கதியைக் காண்க.

(தூரங்கள் கணிப்பதற்கு இலகுவாக எடுக்கப்பட்டவை. முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் நிற்பதும், இறங்கிக் கும்பிட்டுவிட்டுக் கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுவதும் எல்லோரும் அறிந்தது. அந்தத் தரிப்புக்குக் கணக்கிலும் ஓர் இடம் உண்டு என்பதை மறவாதீர்கள்.)

முதல் வேலை கணிப்பதன்று. ஒரு கோடு வரைவது. கோட்டின் ஒரு முனையில் வவுனியா, மறுமுனையில் யாழ்ப்பாணம், இடையில் முறிகண்டி எனக் குறியுங்கள். முதற் பகுதியின் மேலே 60 கி.மீ., கீழே மணிக்கு 40 கி.மீ. முறிகண்டியின் கீழே 20 நிமிடம். இரண்டாம் பகுதியின் மேலே 140 - 60 = 80 கி.மீ., கீழே மணிக்கு 48 கி.மீ. இப்போது நீளமான வினா ஒரு விரலளவு கோட்டுக்குள் வந்துவிட்டது. இனி வினாவைத் திரும்பத் திரும்ப வாசிக்கத் தேவையில்லை.

முதற் பகுதிக்கு எடுத்த நேரம் = 60 ÷ 40 = 1½ மணித்தியாலம் = 1 மணி 30 நிமிடம்
தரித்து நின்ற நேரம் = 20 நிமிடம்
எஞ்சிய தூரம் = 140 - 60 = 80 கி.மீ.
இரண்டாம் பகுதிக்கு எடுத்த நேரம் = 80 ÷ 48 மணித்தியாலம்

இந்த இடத்திற்றான் பலர் வழுக்குகிறார்கள். 80 ஐ 48 ஆல் வகுத்தால் 1.66... என்று போய்க்கொண்டே இருக்கும். அதைக் கண்டதும் "1 மணி 66 நிமிடம்" என்று எழுதிவிடுவார்கள். மணித்தியாலம் நூறு நிமிடங்கள் கொண்டதன்று. பின்னமாகவே வைத்துச் சுருக்குங்கள்.

80/48 = 5/3 = 1 2/3 மணித்தியாலம்

2/3 மணித்தியாலம் 40 நிமிடம் என்பது மேலே உள்ளது. ஆகவே 1 மணி 40 நிமிடம்.

எடுத்த மொத்த நேரம் = 1 மணி 30 நிமிடம் + 20 நிமிடம் + 1 மணி 40 நிமிடம்
= 2 மணி 90 நிமிடம்
= 3 மணி 30 நிமிடம்

அடைந்த நேரம் = மு.ப. 7.40 + 3 மணி 30 நிமிடம் = மு.ப. 11.10

இவ்விடத்தில் 7.40 உடன் 3.30 ஐக் கூட்டி 10.70 என்று எழுதி அப்படியே விட்டுவிடுபவர்களும் உண்டு. 70 நிமிடம் என்பது 1 மணி 10 நிமிடம். ஆகவே 11.10. கழிக்கும்போதும் இதே கவனம் வேண்டும். 11.10 இலிருந்து 7.40 ஐக் கழிக்க, 10 இலிருந்து 40 போகாது. பக்கத்து மணியிடம் கடன் வாங்குகிறோம். வாங்குவது 60, 100 அன்று. 70 - 40 = 30, 10 - 7 = 3. விடை 3 மணி 30 நிமிடம்.

இனி (ஆ) பகுதி. சராசரிக் கதி என்றதும் கை தானாகவே 40 ஐயும் 48 ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 44 என்று எழுதும். இந்த 44 எனக்குப் பழக்கமான எண். ஒவ்வொரு வருடமும் வகுப்பில் இந்தக் கணக்கைக் கொடுத்தால் பாதிப்பேரின் கொப்பியில் அது இருக்கும். ஆனால் பஸ் மணிக்கு 40 கி.மீ. கதியில் 1½ மணித்தியாலமும், 48 கி.மீ. கதியில் 1 மணி 40 நிமிடமும் சென்றது. இரண்டும் சம நேரமன்று. அதோடு 20 நிமிடம் ஒரு மீற்றரும் நகராமல் நின்றது. அந்த இருபது நிமிடத்தை 44 எங்கே சேர்த்தது?

சராசரிக் கதி = சென்ற மொத்தத் தூரம் ÷ எடுத்த மொத்த நேரம்
= 140 ÷ 3½
= 140 × 2/7
= 40
முழுப் பயணத்திற்குமான சராசரிக் கதி மணிக்கு 40 கி.மீ. ஆகும்.

இந்த விடையைச் சற்றுப் பாருங்கள். ஓடிய நேரத்தில் பஸ் ஒருபோதும் மணிக்கு 40 கி.மீ. இற்குக் குறைந்து ஓடவில்லை. பாதிக்கு மேற்பட்ட தூரத்தை 48 இல் ஓடியது. இருந்தும் சராசரி 40 தான். இரண்டாம் பகுதியில் வேகமாக ஓடிப் பெற்ற இலாபம் முழுவதையும் தரித்து நின்ற 20 நிமிடம் எடுத்துவிட்டது. இதே பயணத்தைத் தூர - நேர வரைபாக வரையச் சொன்னால், முறிகண்டியில் நின்ற நேரம் கிடையான கோடாக வரும். தூரம் கூடவில்லை, நேரம் மட்டும் கூடியது.

புள்ளியிடும் முறை பற்றி ஒரு குறிப்பு. நீண்ட வினாக்களில் இறுதி விடைக்கு மட்டுமன்றிப் படிகளுக்கும் புள்ளிகள் உண்டு. 140 - 60 = 80 என்ற ஒரு வரியை எழுதியவருக்கும் அதற்கான புள்ளி கிடைக்க இடமுண்டு. மனக்கணக்காகச் செய்து விடையை மட்டும் எழுதுபவர், விடை பிழைத்தால் எல்லாவற்றையும் இழக்கிறார். ஆகவே முழுவதும் செய்யத் தெரியாவிட்டாலும் தெரிந்தவரை எழுதுங்கள். வெறுமையாக விடாதீர்கள்.

போய் வருதல்

சராசரிக் கதியைப் பற்றிய இன்னொரு வினா வகை போய்த் திரும்பும் பயணம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க அதிகம் சொல்லத் தேவையில்லை. சோளகம் வீசும் காலத்தில் பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் சைக்கிளிற் போய்ப் பார்த்தவருக்கு, போகும்போது மிதித்ததும் வரும்போது மிதித்ததும் ஒன்றல்ல என்பது காலே சொல்லும்.

வினா: மாணவன் ஒருவன் 6 கி.மீ. தூரத்தை எதிர்க்காற்றில் மணிக்கு 8 கி.மீ. கதியிற் சைக்கிளிற் சென்று, அதே பாதையால் மணிக்கு 12 கி.மீ. கதியில் திரும்பி வந்தான். முழுப் பயணத்தின் சராசரிக் கதி யாது?

போக எடுத்த நேரம் = 6 ÷ 8 = 3/4 மணித்தியாலம் = 45 நிமிடம்
திரும்ப எடுத்த நேரம் = 6 ÷ 12 = 1/2 மணித்தியாலம் = 30 நிமிடம்
மொத்தத் தூரம் = 6 + 6 = 12 கி.மீ.
மொத்த நேரம் = 75 நிமிடம் = 1¼ மணித்தியாலம்
சராசரிக் கதி = 12 ÷ 1¼ = 12 × 4/5 = 9.6

விடை மணிக்கு 9.6 கி.மீ. பத்து அன்று. காரணம், மெதுவாக மிதித்த நேரம் 45 நிமிடம். விரைவாக மிதித்த நேரம் 30 நிமிடந்தான். அதிக நேரம் செலவானது மெதுவான கதியிலே என்பதால் சராசரியும் அந்தப் பக்கம் சாய்கிறது. தூரம் 6 கி.மீ. என்று தரப்படாமல் "ஒரு குறித்த தூரம்" என்று மட்டும் சொல்லப்பட்டிருந்தாலும் அஞ்ச வேண்டாம். 8 ஆலும் 12 ஆலும் வகுபடும் 24 ஐத் தூரமாக எடுத்துச் செய்து பாருங்கள். போக 3 மணித்தியாலம், வர 2 மணித்தியாலம், 48 ÷ 5 = 9.6. எந்தத் தூரத்தை எடுத்தாலும் இதே விடைதான்.

கிலோமீற்றர்க் கற்கள்

ஏ9 வீதி கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடிகிறது. நீளம் ஏறத்தாழ 321 கி.மீ. வீதியோரக் கற்கள் கண்டியிலிருந்து எண்ணப்படுகின்றன. ஆகவே வடக்கு நோக்கிச் செல்லும்போது கல்லின் எண் கூடிக்கொண்டு வரும். கல்லில் உள்ள எண் நீங்கள் சென்ற தூரமன்று; கண்டியிலிருந்து அந்தக் கல் நிற்கும் தூரம். மு.ப. 9.15 இற்கு 200 ஆம் கல்லைக் கடந்த பஸ் மு.ப. 10.00 இற்கு 236 ஆம் கல்லைக் கடந்தால், சென்ற தூரம் 236 - 200 = 36 கி.மீ. நேரம் 45 நிமிடம், அதாவது 3/4 மணித்தியாலம். கதி = 36 ÷ 3/4 = 36 × 4/3 = 48, அதாவது மணிக்கு 48 கி.மீ.

எண்கள் தரப்படாமல் "முதலாவது கல்லிலிருந்து பத்தாவது கல் வரை" என்று வந்தால் இன்னொரு கவனம் வேண்டும். கற்கள் பத்து; இடைவெளிகள் ஒன்பது. தூரம் 9 கி.மீ. மின்கம்பம், தென்னை மரம், வேலிக் கதியால் என்று எதை வைத்துக் கேட்டாலும் எண்ண வேண்டியது இடைவெளிகளையே. சந்தேகமாக இருந்தால் மூன்று புள்ளிகளை வரைந்து இடைவெளிகளை எண்ணிப் பாருங்கள்.

வீட்டில் பெரியவர்கள் தூரத்தைக் கட்டையிற் சொல்வார்கள். கட்டை என்பது மைல். கிளிநொச்சியில் 155 ஆம் கட்டை என்ற இடம் உண்டு; மைற் கல்லின் எண் ஊருக்குப் பெயராகிவிட்டது. 5 மைல் ஏறத்தாழ 8 கி.மீ. என்பதைக் கொண்டு இதைக் கிலோமீற்றருக்கு மாற்றுவோம்.

155 ÷ 5 = 31
31 × 8 = 248 கி.மீ.

கண்டியிலிருந்து ஏறத்தாழ 248 கி.மீ. அப்படியாயின் அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ 321 - 248 = 73 கி.மீ. பஸ்ஸில் போய் வந்தவர்கள் இது பொருந்தி வருவதை உணர்வார்கள்.

எதிரெதிராகவும் ஒரே திசையிலும்

வினா: பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான தூரம் 33 கி.மீ. எனக் கொள்க. பருத்தித்துறையிலிருந்து மணிக்கு 15 கி.மீ. கதியில் ஒரு சைக்கிளும், யாழ்ப்பாணத்திலிருந்து மணிக்கு 40 கி.மீ. கதியில் ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரே வேளையில் ஒன்றை நோக்கி ஒன்று புறப்பட்டன. அவை எவ்வளவு நேரத்திற் சந்திக்கும்? எங்கே?

ஒரு மணித்தியாலத்தில் சைக்கிள் 15 கி.மீ. நெருங்கும், மோட்டார் சைக்கிள் 40 கி.மீ. நெருங்கும். இருவருக்கும் இடையிலான வெளி மணிக்கு 55 கி.மீ. வீதம் குறைகிறது.

சந்திக்க எடுக்கும் நேரம் = 33 ÷ 55 = 3/5 மணித்தியாலம் = 36 நிமிடம்
சைக்கிள் சென்ற தூரம் = 15 × 3/5 = 9 கி.மீ.
மோட்டார் சைக்கிள் சென்ற தூரம் = 40 × 3/5 = 24 கி.மீ.

9 + 24 = 33. சரி பார்த்தாயிற்று. பருத்தித்துறையிலிருந்து 9 கி.மீ. தூரத்திற் சந்திக்கும்.

ஒரே திசையில் ஒன்றை ஒன்று துரத்தினால் கதிகளின் வித்தியாசத்தை எடுக்க வேண்டும். அதைப் பயிற்சியில் தந்துள்ளேன்.

புகையிரதத்திற்கு நீளம் உண்டு

யாழ்ப்பாணத்துக்கான புகையிரதச் சேவை 1990 இல் நின்று 2014 ஒக்டோபரில் மீண்டும் வந்தது. இடைப்பட்ட காலத்தில் இங்கு படித்த பிள்ளைகள், என்னையும் சேர்த்துத்தான், கண்ணாற் காணாத ஒரு வண்டி மேடையைக் கடக்க எத்தனை செக்கன் எடுக்கும் என்று கணித்துக்கொண்டிருந்தோம். நீங்கள் அதிர்ஷ்டசாலிகள்; கடவையில் நின்று பார்க்கலாம். இயந்திரம் உங்களைக் கடந்த பின்னும் கடைசிப் பெட்டி போகும்வரை படலை திறக்கப்படுவதில்லை அல்லவா? கணக்கும் அதுதான்.

வினா: 150 மீற்றர் நீளமான புகையிரதம் ஒன்று மணிக்கு 72 கி.மீ. என்ற சீரான கதியில் 350 மீற்றர் நீளமான பாலத்தை முற்றாகக் கடக்க எடுக்கும் நேரம் யாது?

இயந்திரத்தின் முன்முனை பாலத்தைத் தொட்டதிலிருந்து கடைசிப் பெட்டியின் பின்முனை பாலத்தை விட்டு நீங்கும்வரை கணக்கிட வேண்டும். முன்முனை பாலம் முழுவதையும் கடந்து, அதற்கப்பால் தன் முழு நீளத்தையும் செல்ல வேண்டும்.

செல்ல வேண்டிய தூரம் = 350 + 150 = 500 மீற்றர்
கதி = மணிக்கு 72 கி.மீ. = 72 000 மீற்றர் ÷ 3600 செக்கன் = செக்கனுக்கு 20 மீற்றர்
நேரம் = 500 ÷ 20 = 25 செக்கன்

மின்கம்பத்தையோ ஓர் ஆளையோ கடப்பதாயின் 150 மீற்றர் மட்டும் போதும். கம்பத்திற்கு நீளமில்லை.

பின்னம் கலந்து வரும்போது

வினா: ஒருவர் தமது பயணத்தின் 3/5 பங்கைப் புகையிரதத்திலும், எஞ்சியதன் 3/4 பங்கைப் பஸ்ஸிலும், மீதி 12 கி.மீ. தூரத்தை முச்சக்கர வண்டியிலும் சென்றார். பயணத்தின் மொத்தத் தூரம் யாது?

"எஞ்சியதன்" என்ற சொல்லின் கீழே கோடு இட்டீர்களா? அதை விட்டுவிட்டு முழுத் தூரத்தின் 3/4 என்று வாசித்தால் 3/5 + 3/4 ஒன்றிலும் கூடிவிடும். பயணத்திலும் பெரிய பயணம் வந்துவிடும். அப்போதே வினாவுக்குத் திரும்பிச் செல்ல வேண்டும்.

புகையிரதத்தின் பின் எஞ்சியது = 1 - 3/5 = 2/5
முச்சக்கர வண்டியிற் சென்றது = எஞ்சியதன் 1/4 = 2/5 × 1/4 = 1/10
முழுத் தூரத்தின் 1/10 = 12 கி.மீ.
முழுத் தூரம் = 120 கி.மீ.

சரி பார்த்தல்: புகையிரதம் 72, பஸ் 36, முச்சக்கர வண்டி 12. கூட்டினால் 120.

விடை நியாயமானதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். மனிதர் நடப்பது மணிக்கு 4, 5 கி.மீ. அளவில், சைக்கிள் 12, 15 அளவில். எமது அதிவேகப் பாதைகளிற்கூட உச்ச எல்லை மணிக்கு 100 கி.மீ. உங்கள் விடையிலே சைக்கிள் 96 கி.மீ. கதியில் ஓடினால் எங்கோ பெருக்குவதற்குப் பதில் வகுத்திருக்கிறீர்கள், அல்லது நிமிடத்தை மாற்ற மறந்திருக்கிறீர்கள். அலகையும் எழுதுங்கள். "40" என்பது விடையன்று.

பயிற்சி

1. பி.ப. 9.50 இற்குப் புறப்பட்ட லொறி ஒன்று 198 கி.மீ. தூரம் சென்று மறுநாள் மு.ப. 2.20 இற்குச் சேருமிடத்தை அடைந்தது. அதன் சராசரிக் கதி யாது?

2. மாணவி ஒருத்தி வீட்டிலிருந்து மணிக்கு 5 கி.மீ. கதியில் 24 நிமிடம் நடந்து, பின் மணிக்கு 36 கி.மீ. கதியிற் சென்ற பஸ்ஸில் 25 நிமிடம் பயணம் செய்து பாடசாலையை அடைந்தாள். வீட்டிலிருந்து பாடசாலைக்கு அவள் சென்ற தூரம் யாது?

3. 120 கி.மீ. தூரப் பயணத்தில் ஒரு கார் முதல் ஒரு மணித்தியாலம் மணிக்கு 40 கி.மீ. கதியிற் சென்றது. பின்னர் அதன் கதி மணிக்கு 10 கி.மீ. ஆல் அதிகரிக்கப்பட்டது. பயணம் முழுவதற்கும் எடுத்த நேரம் யாது?

4. வீதியோரத்தில் 50 மீற்றர் இடைவெளியில் 13 மின்கம்பங்கள் உள்ளன. செக்கனுக்கு 1.5 மீற்றர் கதியில் நடக்கும் ஒருவர் முதற் கம்பத்திலிருந்து கடைசிக் கம்பத்திற்குச் செல்ல எடுக்கும் நேரம் யாது?

5. அண்ணன் மு.ப. 6.00 இற்கு மணிக்கு 12 கி.மீ. கதியிற் சைக்கிளிற் புறப்பட்டான். அவன் மறந்து விட்டுச் சென்ற அனுமதி அட்டையுடன் தந்தை மு.ப. 6.40 இற்கு அதே பாதையில் மணிக்கு 36 கி.மீ. கதியில் மோட்டார் சைக்கிளிற் புறப்பட்டார். தந்தை அவனை எத்தனை மணிக்கு, வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்திற் சந்திப்பார்?

விடைகள்

1. நள்ளிரவு வரை 2 மணி 10 நிமிடம், அதன்பின் 2 மணி 20 நிமிடம். மொத்தம் 4½ மணித்தியாலம். மணிக்கு 44 கி.மீ.

2. 2 கி.மீ. + 15 கி.மீ. = 17 கி.மீ.

3. எஞ்சிய 80 கி.மீ. தூரத்தை மணிக்கு 50 கி.மீ. கதியிற் செல்ல 1 மணி 36 நிமிடம். மொத்தம் 2 மணி 36 நிமிடம்.

4. இடைவெளிகள் 12, தூரம் 600 மீற்றர், 400 செக்கன், அதாவது 6 நிமிடம் 40 செக்கன்.

5. தந்தை புறப்படும்போது அண்ணன் 8 கி.மீ. முன்னால் உள்ளான். கதிகளின் வித்தியாசம் மணிக்கு 24 கி.மீ. 8 ÷ 24 = 1/3 மணித்தியாலம் = 20 நிமிடம். மு.ப. 7.00 இற்கு, வீட்டிலிருந்து 12 கி.மீ. தூரத்தில்.